சித்தப்பா வைக்காத பாக்கு

போன வாரம் நம் எட்டாம் வகுப்புக் குரூப்பில் என் சித்தப்பாவின் படத்தைப் போட்டு, அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பி வைத்திருந்தீர்கள். போன் பண்ணித் துக்கம் கேட்டவர்களுக்கும், நேரமில்லாமல் பூப்படம் அனுப்பியவர்களுக்கும் நன்றி. அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நம்மில் ஒருத்தி, என் பின் பெஞ்சில் உட்கார்ந்து வருஷம் முழுக்க என் தாவணியில் மை தெளித்தவள், ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். கணக்குப் படித்தவர்கள் நம்மைப் போல யோசிப்பவர்கள் இல்லையோ, உன் சித்தப்பாவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், கூடவே வளர்ந்தவள் நீ சொல்லேன் என்று. உடனே ஆளாளுக்கு ஆரம்பித்தீர்கள். கணக்குக்காரர்களின் மூளையே வேறு அச்சில் வார்த்தது என்கிறாள் ஒருத்தி. தன் மருமகனும் கணக்குதான், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் ஏன் வழிகிறது என்று யோசித்துக்கொண்டு நிற்பாரே தவிர அடுப்பை அணைக்க மாட்டார் என்கிறாள் இன்னொருத்தி. அதற்கு எல்லாரும் சிரிப்புப் படம்.

சரி, சொல்கிறேன் மக்கா. எட்டாவதோடு நின்றவள் நான். மிச்சத்தை எல்லாம் பஸ் ஸ்டாண்டு பழைய புத்தகக் கடையிலும், பூ மார்க்கெட்டில் நின்று ஆட்கள் பேசுவதைக் கேட்டும் படித்தேன். மூளை எப்படி வேலை செய்கிறது என்று எழுத எனக்குத் தெரியாது. ஓர் ஆடியில் ஆரம்பித்துக் கார்த்திகையில் முடிந்த ஒரு விஷயத்தை எழுதத் தெரியும். இது அஞ்சலி மாதிரி இருக்காது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னமும் நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.

சித்தப்பா அப்போது வெளியூர்க் கல்லூரியில் கணக்கு லெக்சரர். கல்யாணம் ஆகாததால் எங்கள் வீட்டிலேயே இருந்தார். காலையில் பஸ் ஏறிப்போய்ச் சாயங்காலம் திரும்புவார். எங்கள் தெருவில் எம்.எஸ்ஸி. கணக்குப் படித்தவர் வேறு யாரும் கிடையாது. "அந்த சார் நடந்து போனா நிழல்கூட ஸ்கேல் வச்ச மாதிரில்லா விழுது" என்று இட்லிக்கடை அக்கா சொல்லுவாங்களே, ஞாபகம் இருக்கிறதா? பருத்தியை இப்போது விற்கலாமா, தறி போடலாமா, பையனைக் காலேஜில் சேர்க்கலாமா என்று பனவடலிசத்திரத்திலிருந்துகூட ஆட்கள் சங்கரன்கோவிலுக்கு வந்து அவர் முன்னால் நிற்பார்கள். அவருக்குப் பருத்தியும் தெரியாது, தறியும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, பேனா மூடியைக் காதில் விட்டுக் குடைந்தபடியே கேட்பார். குடைந்து எடுத்ததை வேட்டி ஓரத்தில் துடைப்பார். பிறகு "இப்படி வச்சுக்குவோம்" என்று ஆரம்பிப்பார். வந்தவர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள்.

அந்த "வச்சுக்குவோம்" எங்கள் வீட்டைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. "சாம்பாரில் உப்பு இல்லைன்னு வச்சுக்குவோம்" என்பார். அம்மா பதறி உப்புச் சாடியோடு வருவாள். அவர் இன்னும் வாயிலேயே வைத்திருக்க மாட்டார். அப்பாவிடம் ஏதோ ஒன்றை விளக்க ஓர் உதாரணம் எடுத்திருப்பார். ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்கே அண்ணாச்சி இறந்துட்டாருன்னு வச்சுக்குவோம்" என்றார். வயலை எப்படிப் பிரிப்பது என்பது கணக்கு. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போய்ச் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்து, "எதுக்கு அழுதாங்க? சும்மா வச்சுக்கிட்டுல்லா பேசினேன்" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு அவர் பேசுவதெல்லாம் அவருக்கு வேறு ஏதோ ஊரில் நடக்கிற விஷயம். அந்த ஊருக்கு நம்மில் யாரும் போனதில்லை. நம் ஊரில் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டால் வந்ததுதான்.

அந்த வருஷம் அக்காவுக்கு இடம் அமைந்திருந்தது. தென்காசிப் பக்கத்து மாப்பிள்ளை, சர்க்கார் வேலை. ஆவணி பிறந்ததும் நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்தாயிற்று. கோமதி அம்மன் கோவில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் ஆவணி நிச்சயத்துக்குமாகச் சேர்த்து அம்மா ஒரே மூச்சில் முறுக்குச் சுட்டாள். கூடத்து மூலையில் இரண்டு பெரிய தகர டின்னில் அடைத்து, மூடி மேல் துணி கட்டி வைத்தாள். கொட்டைப்பாக்கு, விரலி மஞ்சள், கல்கண்டு எல்லாம் தனியாக ஒரு டப்பாவில். எங்கள் வீடே அந்த மாதம் எண்ணெயும் மஞ்சளுமாக மணத்தது.

அக்காவுக்கு ஒரு குறை உண்டு. வெளியே தெரியாது. சின்னதில் காய்ச்சலோடு வந்த வலிப்பு, எங்கள் பேச்சில் இழுப்பு, பெரியவளான பிறகும் எப்போதாவது வரும். திருநெல்வேலி டாக்டரின் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருப்போம். ஆள் வருவதற்கு முன்னால், விடிகாலையில் அம்மா அவளைக் கோமதி அம்மன் சன்னதிக்குக் கூட்டிப்போய், நோய் தீர வேண்டி ஆட்கள் உட்காரும் சக்கரக் குழியில் உட்கார வைப்பாள். யாராவது பார்த்தால், பரீட்சைக்கு வேண்டுதல் என்பாள். அக்கா பரீட்சை எழுதி முடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. புற்றுமண்ணைக் குழைத்து அக்காவின் நெற்றியில் பூசி, வீட்டுக்கு வருவதற்குள் அவளே முந்தானையால் துடைத்தும் விடுவாள்.

இதெல்லாம் தெரிந்த ஆட்கள் நாங்கள் மட்டும்தான். பிறகு என் அண்ணனுக்கு ராயகிரியிலிருந்து வந்த மதினி. கல்யாணம் ஆகி வருஷம் திரும்பவில்லை. வாய்விட்டுச் சிரிப்பவள். சிரிக்கும்போது கையால் வாயை மூடமாட்டாள் என்பது அம்மாவுக்கு ஒரு குறை. அக்காவின் இழுப்பை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளாகப் பார்த்ததுதான். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்தாள். நான் அங்கேயே நின்று வெறித்துக்கொண்டிருந்தேன். மதினிதான் ஓடிப்போய் அவளைப் பக்கவாட்டில் புரட்டி, தலை கல்லில் மோதாமல் தன் மடியில் தாங்கி, வாயில் தள்ளிய நுரையைத் தன் சேலையாலேயே துடைத்தாள். அக்கா கண் விழித்ததும், நனைந்த பாவாடையை மாற்றிவிட்டு, "ஒண்ணுமில்லட்டி, வெயிலு" என்றாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அக்கா கெஞ்சினாள். மறுநாள் வரை மதினி சொல்லவில்லை. அந்த ஒரு நாள் பின்னால் அவள் தலையில் விடிந்தது.

ஆடி பிறந்ததும் புதுப் பெண் என்று மதினியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வழக்கம்தான். ஆனால் தபசுக்கு விருந்தாளி நிறைய வருவார்கள், வீட்டில் கை போதாது என்று அம்மா பாதியிலேயே ஆள் அனுப்பி வரவழைத்துவிட்டாள். மதினி வந்து சேர்ந்து, வீடு கழுவி, பாத்திரம் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்த அன்றைக்குத்தான் தரகர் வந்தார். உட்காரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டார். பெண்ணுக்கு ஏதோ சீக்கு இருப்பதாக மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிட்டதாம், இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடச் சொல்கிறார்களாம் என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் தபசு. ஊரே கோவில் வாசலில் இருந்தது. நாங்கள் யாரும் போகவில்லை. விளைச்சல் காணிக்கையாக அம்மனுக்கு வீசுவதற்காகக் கட்டி வைத்திருந்த வத்தலும் பருத்தியும் மூட்டையாக வாசலிலேயே கிடந்தன. மேளச் சத்தமும் ஜனத்தின் இரைச்சலும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யார் சொல்லியிருப்பார்கள், யார் சொல்லியிருப்பார்கள் என்று அம்மா ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள். சித்தப்பா எழுந்து போய் நிச்சயத்துக்கு வாங்கி வைத்த டப்பாவைத் திறந்து, ஒரு கை பாக்கை அள்ளிக்கொண்டு வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தார்.

"அழுது என்ன புண்ணியம்? ஒழுங்கா யோசிப்போம்" என்றார். வீட்டு விஷயம் தானாக நடந்து தென்காசிக்குப் போகாது, யாரோ ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டும் என்றால் முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு ஆளுக்கொரு பாக்கு. அவர் பாக்குகளைத் தரையில் வரிசையாக வைத்தார். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, நான், மதினி, திருநெல்வேலி டாக்டர். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார். பெற்றவர்கள் மகள் வாழ்வைக் கெடுக்க மாட்டார்கள், இரண்டு பாக்கு போயிற்று. அக்கா தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள மாட்டாள். டாக்டருக்கு மாப்பிள்ளை வீடு யாரென்றே தெரியாது. அண்ணன் உரக்கடையை விட்டு அந்த மாதம் நகரவே இல்லை. என் பாக்கை எடுக்கும்போது, "இது சொல்லியிருந்தா தெருவே கூடி வந்து நம்மகிட்ட கேட்டிருக்கும்" என்றார்.

ஒரு பாக்கு மிச்சம் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அடுக்களை நிலைப்படியைப் பார்த்தார்கள். மதினி அங்கே காபித் தம்ளர்களை ஏந்திக்கொண்டு நின்றாள். இந்த மாதத்தில் வெளியூர் போய் வந்தது அவள் ஒருத்திதான்.

மதினி தம்ளர்களைக் கீழே வைத்தாள். தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சின்ன மாமா, உங்களுக்கு ஒரு பாக்கு வைக்கலையே" என்றாள்.

சித்தப்பா புன்னகை செய்தார். வகுப்பில் சின்னப் பிள்ளை கேட்கும் கேள்விக்குச் செய்கிற புன்னகை. "கணக்குப் போடுதவன் கணக்குக்குள்ள வரமாட்டாம்மா."

அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு அண்ணன். பிறகு அம்மாகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். முந்தின நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஆள் யாரென்று தெரிந்துவிட்ட நிம்மதியில் வந்த சிரிப்பு அது. அந்தச் சிரிப்பின் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது, பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி.

நான் எதற்கு மாமா சொல்லப்போகிறேன் என்று மதினி கேட்டாள். அது வேறு கணக்கு, இப்போது கேள்வி யார் என்பது மட்டும்தான் என்றார் சித்தப்பா. "மதினி சொல்லியிருக்க மாட்டா" என்று அக்கா சுவரோரத்திலிருந்து சொன்னாள். அது உன் ஆசை, நிரூபணம் ஆகாது என்றார். அம்மனுக்கு முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றாள் மதினி. அதுவும் நிரூபணம் ஆகாதாம். எனக்கு இன்று வரை ஆறாதது இந்த இடம்தான். பால்காரர் தண்ணீர் கலக்கவில்லை என்று சூடம் அணைத்ததும் நம்பியவள் என் அம்மா. மூக்குத்தி தொலைந்தபோது வேலைக்காரம்மாள் சத்தியம் செய்ததும் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டவள். அவளுக்கு அன்றைக்கு மட்டும் அம்மன் போதவில்லை, எம்.எஸ்ஸி. வேண்டியிருந்தது. "அவன் என்ன, நம்மளை மாதிரி வாய்க்கு வந்ததைச் சொல்லுதவனா? படிச்சவன். போட்டுப் பாத்துல்லா சொல்லுதான்" என்றாள். மற்ற பாக்குகளைப் பொறுக்கித் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு, மதினியின் பாக்கை மட்டும் முறத்துக் குப்பையில் எறிந்தாள். ஒரு நாள் மறைத்தவள் எதையும் மறைப்பாள் என்று கிணற்றடிக் கதையையும் அப்போதுதான் எடுத்துப் போட்டார்கள்.

மறுநாள் காலை மதினியை அவள் பெட்டியோடு ராயகிரி பஸ்ஸில் ஏற்றினார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆடி இன்னும் முடியவில்லையே, புதுப் பெண் தாய்வீட்டுக்குத்தானே போகிறாள். இவ்வளவு சுத்தமாக ஒரு பெண்ணை வீட்டை விட்டு வெளியேற்ற முடியும் என்று அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். எதிர் வீட்டு மாமி, சீக்கிரம் வா, உன் சிரிப்பு இல்லாமல் தெரு ஊமையாகிவிடும் என்று சொல்லி அவளுக்குப் பூ வைத்து அனுப்பினாள். மதினி பஸ் ஏறும்போது அண்ணன் உரக்கடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

ஆவணி பிறந்தது. புதுப் பெண்ணை அழைத்துவரப் போக வேண்டிய மாதம். யாரும் போகவில்லை. ராயகிரியிலிருந்து மதினியின் அப்பா ஒரு தடவை வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று எங்களை உள்ளே விடவில்லை. இரண்டு டின் முறுக்கும் கேட்பாரில்லாமல் கிடந்தது. விருந்தும் இல்லை, நிச்சயமும் இல்லை. பண்டத்தை வீணாக்கக்கூடாது என்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா எனக்கும் அக்காவுக்கும் தட்டில் வைப்பாள். புரட்டாசிக்குள் அது காறிப்போய்விட்டது. வாயில் வைத்தால் பழைய எண்ணெய் நாக்கில் பசையாக ஒட்டும், தொண்டையில் எரியும். தின்று முடிக்காமல் எழுந்திருக்கக்கூடாது. அக்கா மெல்லாமல் தண்ணீர் ஊற்றி விழுங்குவாள். சித்தப்பா மட்டும் ஒன்றும் வித்தியாசம் தெரியாமல், ஏதோ யோசித்தபடி, கொறுக் கொறுக்கென்று தின்பார். முறுக்குத் தூள் அவர் மீசையில் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்காமல் இருக்க நான் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கேள்வி கேட்டவளே, இனிமேல்தான் உனக்கு வேண்டியது வருகிறது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் கல்லூரியிலிருந்து விலங்கியல் லெக்சரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். தினமும் சித்தப்பாவோடு ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர். பத்திரிகை வைத்து, அப்பாவையும் அம்மாவையும் கும்பிட்டு, உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார். பிறகு சித்தப்பாவின் தொடையைத் தட்டி அப்பாவிடம் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒங்க தம்பி மாதிரி ஒரு மனுசனை நான் பாத்ததில்ல. தென்காசி மாப்பிள்ளை என் சகலை மகன்தான். என் சகலை வீட்டுக்குத்தான் பொண்ணைப் பேசுதாங்கன்னு இவருக்கும் தெரியும். வீட்டு விஷயத்தை வெளிய சொல்ல முடியாது. மறைச்சுக் கட்டிக் குடுக்கவும் மனசு கேக்கல. ஒரு நாளு பஸ்ல வச்சு நாசூக்கா, ஒரு கணக்கு மாதிரி என்கிட்ட சொல்லிட்டாரு. என்ன ஒரு பெரிய மனசு வே ஒமக்கு."

அப்பா கையில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. என்ன கணக்கு என்று கேட்டார்.

அவர் சொன்னார். ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு என்று வைத்துக்கொள்வோம், அவளைக் கட்டிக் கொடுத்தால் பிறக்கிற பிள்ளைக்கு அது வர எவ்வளவு வாய்ப்பு, நீர் விலங்கியல்காரர் ஆயிற்றே, சொல்லும் என்று சித்தப்பா கேட்டாராம். கேட்ட உடனேயே இவருக்கு விளங்கிவிட்டதாம். அன்று சாயங்காலமே சகலை வீட்டுக்குப் போய்விட்டாராம். பின்னே, விளங்காமல் இருக்குமா? கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற பெண்ணின் சித்தப்பா, மாப்பிள்ளையின் சித்தப்பா முறை உள்ளவரிடம், ஒரு பெண்ணுக்கு இழுப்பு என்று வைத்துக்கொள்வோம் என்று சொன்னால், நம்மில் எவளுக்கு விளங்காது? காது கேட்காத என் பெரியம்மாவுக்குக்கூட உதட்டசைவிலேயே விளங்கியிருக்கும்.

வந்தவர் காபி குடித்துவிட்டு, கட்டாயம் எல்லாரும் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார். தெருமுனை வரை சித்தப்பாவே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் திருட்டுத்தனம் இல்லை, பயமும் இல்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவர் நடிக்கவில்லை.

"நான் சொல்லல அண்ணாச்சி. பேரு சொல்லல, ஊரு சொல்லல. வச்சுக்குவோம்னுதான ஆரம்பிச்சேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தப்பா பேனா மூடியை எடுத்துக் காதில் விட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது. "தபசன்னிக்கு நான் போட்டதில முறை சரிதான். எடுத்துக்கிட்ட ஆள்ல ஒண்ணு விட்டுப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட ஆளின் சந்தோஷம் அவர் குரலில் இருந்தது. பேனா மூடியை வேட்டியில் துடைத்தார். நான் கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். முறுக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அதனால், வேறு மாதிரி யோசிப்பார்களா என்று கேட்டாயே, அந்த நிமிஷம் வரைக்கும் என் பதில் ஆமாம் என்பதுதான். அவருக்குள் ஏதோ ஒரு கதவு நம்மைப் போல இல்லாமல் வேறு பக்கம் திறந்தது. எல்லாக் கணக்குக்காரர்களுக்கும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. நமக்கு ஏழாவதில் கணக்கு எடுத்த டீச்சர், நம் வகுப்பில் ஒருத்தியின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனபோது, "எனக்குத் தெரியாததை நான் எப்படிம்மா சொல்ல" என்று சொல்லி ஒருத்தியையும் சோதிக்க விடவில்லை. அவரும் அதே கணக்கைத்தான் படித்தவர்.

ஆனால் அதற்கு அடுத்த நிமிஷத்தைக் கேளுங்கள். சித்தப்பாவுக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது, பெரிய இடம். அப்பா எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இது நாலு சுவருக்குள் இருக்கட்டும் என்றார். இப்போது போய் மதினியை அழைத்தால் நம் வாயாலேயே நாம் தப்பு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றாள் அம்மா. அம்மா சொல்வதும் சரிதான் என்றான் அண்ணன். மூன்று பேருமே வாய்ப்பாடு தாண்டிக் கணக்குப் படிக்காதவர்கள். எவ்வளவு வேகமாகப் போட்டுவிட்டார்கள் பார்த்தீர்களா.

அக்காதான் மடக்கினாள். "மதினியைக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா சித்தப்பா கல்யாண மேடையில ஏறி, எனக்கு இழுப்பு உண்டுன்னு நானே சொல்லுவேன். மதினி தூக்கி விட்டதையும் சொல்லுவேன்" என்றாள். அம்மா அவளை அடிக்கப் போனாள். அடிபட்டால் இழுப்பு வந்துவிடுமோ என்று கையை இறக்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அண்ணனும் சித்தப்பாவும் ராயகிரிக்குக் கிளம்பினார்கள். ஆம்பளைகள் மட்டும் போனால் சண்டைக்குப் போன மாதிரி இருக்கும் என்று என்னையும் தலை பின்னிவிட்டுக் கூட அனுப்பினார்கள். மதினியின் வீட்டு வாசலில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. மதினி நிழலில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து மட்டும், "வாட்டி" என்றாள். வத்தல் நெடியில் எல்லாருக்கும் தும்மல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. வேறு யாராவது பார்த்தால் நாங்கள் அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பா சுற்றி வளைத்துப் பேசினார். நடந்தது நடந்துபோச்சு, பிள்ளையை அனுப்பி வையுங்க என்றார். மதினியின் அப்பா நல்ல மனிதர். அனுப்ப எனக்கும் சம்மதம்தான், ஆனால் அவள் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறாள், அதற்குப் பதில் சொல்லிவிட்டால் இப்போதே வருவாள், பெட்டிகூடக் கட்டித்தான் இருக்கிறது என்றார். பெட்டி உள்ளே கட்டித்தான் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

மதினி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வேலியருகே நின்றிருந்தார்கள். அவள் அவர்களை உள்ளே போகச் சொல்லவில்லை.

"சொன்னது யாரு, சின்ன மாமா?"

ஒரே ஒரு சொல் போதும். 'நான்' என்று சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே எங்களோடு பஸ் ஏறியிருப்பாள். சித்தப்பா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவரைப் பொறுத்தவரை அவர் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னேன் என்பது பொய். ஆனால் அந்தப் பெண்ணை அழைத்துப் போக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும், அதற்காகத்தான் வந்திருக்கிறார். ரொம்ப யோசித்து, பெரிய மனசு பண்ணி, இறங்கி வந்து சொன்னார்.

"சரிம்மா. நான்தான் சொன்னேன்னே வச்சுக்குவோம்."

மதினி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தன் செருப்பைப் பார்த்தான். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவன் நிமிரட்டும் என்று. அவன் நிமிரவில்லை.

"ஒங்க வீட்ல எல்லாமே வச்சுக்கிட்டதுதான் போலுக்கு" என்றாள். "நான் இங்கன நெசமாவே இருந்துக்கிடுதேன்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு எங்களில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் அவள் அப்பா. அந்த வீட்டில் அந்த நேரத்தில் காபியைக் கையில் வாங்கியவர் சித்தப்பா ஒருவர்தான். ஆற்றிக் குடித்தார்.

அதற்குப் பிறகு ஊர்ப் பெரியவர்களை வைத்து அந்தக் கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு மறு வருஷமே வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அக்காவைக் கட்டியவர் எல்லாம் தெரிந்தேதான் கட்டினார், அவள் நன்றாகவே இருந்தாள். சித்தப்பா கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். மதினி ராயகிரியிலேயே இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு நம் குரூப்பில் யாரும் கைகூப்பவில்லை. அவள் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் முன்னால் டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். நான் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில். சித்தப்பா பேனா மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு ஏதோ உறுத்தியது என்று நினைத்தேன். பிறகு என் தலைக்கு மேலாக அப்பாவிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, அவ கேட்டதை நான் ஒத்துக்கிட்டேன்லா? பெறகு ஏன் உள்ள போனா?"

அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஐந்தாவது வரை படித்தவர். பருத்தி மூட்டையைப் பார்க்க வருகிறவன் இருமுகிற இருமலிலிருந்தே அவன் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மதினி உள்ளே போன நிமிஷத்தில் அவர் தலை குனிந்ததை நான் பார்த்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பஸ்ஸை நிறுத்தித் திரும்பிப் போய்விடலாம். ராயகிரி ஊர் எல்லைகூட இன்னும் தாண்டவில்லை.

அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நீ சரியாத்தான் சொன்ன தம்பி. அவ ஒரு மாதிரிப் பிள்ளை."

சித்தப்பா திருப்தியோடு தலையாட்டிவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். அப்பா தூங்கவில்லை. சங்கரன்கோவில் வந்து சேரும் வரை ஒரு தடவைகூட அவர் என் பக்கம் திரும்பவில்லை.